தேதியில் தோற்காதீர்கள்

(அரசு கலை, அறிவியல் கல்லூரி ஒன்றில், முதலாமாண்டு மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியில் அக்கல்லூரியின் முன்னாள் மாணவியும், கல்லூரிக்கு எதிரே இ-சேவை மையம் நடத்துபவருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். வாசலுக்கு எதிரே, ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிற அக்கா நான்தான். அட்மிஷன் சமயத்தில் உங்களில் பாதிப் பேர் என் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள். 2010-இல் இதே கல்லூரியில், இதே ஹாலில், நானும் முதலாமாண்டு மாணவியாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பேச வந்தவர் பெரிய கனவு காணுங்கள் என்றார். கை தட்டினோம். நல்ல பேச்சுதான். ஆனால் வருமானச் சான்றிதழ் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்த மாதிரி விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நான் வந்திருக்கிறேன்.

என் மேசையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. நம்ம பிள்ளைகள் படிப்பில் தோற்பதைவிடத் தேதியில் தோற்பதுதான் அதிகம். இன்றைக்கு நான் பணம், படிப்பு, வேலை என்று மூன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். மூன்றிலும் இந்த ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் என் கதை

2014-இல் ஒரு போட்டித் தேர்வு எழுதினேன். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, அம்மா அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தத்தோடு சேர்ந்து படித்த தேர்வு. தேறிவிட்டேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பும் வந்தது. ஆனால் எனக்கு வரவில்லை, ஒரு பிரவுசிங் சென்டருக்கு வந்தது. விண்ணப்பம் போட்டபோது எனக்கென்று மின்னஞ்சல் கிடையாது. "பரவாயில்லம்மா, என்னோடதைப் போட்டுக்கலாம்" என்று அந்தக் கடை அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அப்படிப் போட்டாரோ! எனக்கு விஷயம் தெரிந்தபோது மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது.

காகிதம் சரியாக இருந்திருந்தால் மூன்று நாளே போதும். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி இருந்தது. சாதிச் சான்றிதழில் ஊரில் கூப்பிடுகிற பெயர் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? திருத்தம் வாங்க ஓடினேன். அந்த மூன்று நாளில் இரண்டு நாள் அரசு விடுமுறை. அப்பா கொத்தனார். மூன்றாவது நாள் சாரத்திலிருந்து இறங்கி, சிமென்ட் காய்ந்த கையோடு வந்து என்கூட நின்றார். நடக்கவில்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். வேறு எதுவும் பேசவில்லை.

யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெயர் வித்தியாசம் இருப்பது பிளஸ் ஒன் படிக்கும்போதே எனக்குத் தெரியும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவள் நான்தான். அதனால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். கல்லூரியின் முதல் மாதம் இது. எல்லாவற்றையும் சரிசெய்ய உங்கள் கையில் மூன்று வருஷம் இருக்கிறது.

காகிதத்தைச் சரி பாருங்கள்

ராத்திரி வீட்டுக்குப் போனதும் நான்கு தாள்களை வரிசையாகத் தரையில் வையுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக். பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவை நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எல்லா இடத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவது சுலபம். இப்போது ஆரம்பித்தால் நிதானமாக முடியும்.

அடுத்து, ஆதாரோடு எந்தச் செல்பேசி எண் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். நிறையப் பேருக்கு மாமா நம்பரோ, எப்போதோ தொலைந்துபோன சிம்மோ இருக்கும். ஓடிபி அங்கே போகும், நீங்கள் என் கடையில் முழித்துக்கொண்டு நிற்பீர்கள். ஆதார் சேவை மையத்தில் உங்கள் சொந்த எண்ணை இணைத்துவிடுங்கள். அந்த எண்ணைப் படிப்பு முடிகிறவரை மாற்றாதீர்கள். ஆஃபருக்காக வாரத்துக்கு ஒரு சிம் மாற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

சொந்த மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். எந்த விண்ணப்பத்திலும் கடைக்காரர் எண்ணையோ மின்னஞ்சலையோ போட விடாதீர்கள். என் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நான் எட்டிப் பார்த்தால், "அக்கா, கொஞ்சம் திரும்பிக்கோங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் எடுத்து வையுங்கள். சான்றிதழைப் போட்டோ எடுத்து நாமே ஏற்றிவைப்பது வேறு. வழங்கிய துறையிடமிருந்தே டிஜிலாக்கருக்குள் வருகிற ஆவணம் வேறு. இரண்டாவதுக்குத்தான் சட்டப்படி அசலுக்குச் சமமான மதிப்பு. மழையில் வீடு ஒழுகினாலும் அது நனையாது.

இப்போது, வருமானச் சான்றிதழுக்கு ஏன் ஒரே நாளில் வழியில்லை என்று சொல்கிறேன். கடைசித் தேதி அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஓடிவந்து, "அக்கா, இன்னைக்குள்ள வேணும்க்கா" என்பார்கள். நான் விண்ணப்பத்தை அனுப்பத்தான் முடியும். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்து ஒப்புதல் பெற்ற பிறகுதான் சான்றிதழாகி வரும். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும், இன்னும் நாள் ஆகும். 60 ரூபாய்க் கட்டணத்தில் முடிகிற வேலை இது. அவசரம் என்று தெரிந்தால்தான் நடுவில் யாராவது ஐந்நூறு, ஆயிரம் கேட்டுக்கொண்டு வருவார்கள். முன்கூட்டியே விண்ணப்பித்தவருக்கு அந்த ஆள் தேவையே இல்லை.

பணம்: வர வேண்டியதை வாங்குங்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதலாவது 2022-இலும் இரண்டாவது 2024-இலும் தொடங்கியவை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் பதிவு நடக்கும். பள்ளியில் வாங்கிய எமிஸ் எண்ணைக் கையில் வைத்திருங்கள். ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் வேறு வேறு பள்ளி என்றால் அந்த விவரமும் வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மாணவர்களுக்கு அந்தந்தத் துறையின் உதவித்தொகை தனியாக இருக்கிறது. பிளஸ் டூ-வில் உங்கள் பாடப் பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒன்றிய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதை முதலாமாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் கேட்பார்கள். ஆக, காரணமில்லாமல் வகுப்பை மட்டம் போடுகிற பையன் சினிமா டிக்கெட்டுக்கு நூற்றைம்பது செலவழித்ததாக நினைப்பான். உண்மையில் 12,000 ரூபாயைப் பணயம் வைத்திருக்கிறான். ஒரு திட்டத்தில் வாங்கினால் இன்னொன்றில் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையும் சிலவற்றுக்கு உண்டு. விண்ணப்பிக்கும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். போன வருஷம் ஒரு தங்கை வந்தாள். "எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் வந்திருச்சுக்கா, எனக்கு மட்டும் வரல. ரிஜெக்ட் ஆயிருச்சு போல" என்று கண்கலங்கினாள். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தோம். அவள் எட்டாவது படிக்கும்போது கிராமத்தில் தொடங்கிய பழைய வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது. பணம் ஒழுங்காக அங்கேயே போயிருந்தது. ஒரு வருஷத் தொகை அவள் பெயரிலேயே, அவளுக்குத் தெரியாமல் கிடந்தது. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்த்து வராமல், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகலாம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தேனே என்றால் போதாது. "நேரடி மானியம் பெற ஆதாரை இந்தக் கணக்கில் இணைக்க வேண்டும்" என்று தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும். எந்த வங்கி என்பதைப் போனிலேயே இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். இன்றைக்கே பாருங்கள்.

வந்த ஆயிரத்தை என்ன செய்வது? அது உங்கள் பணம், செலவு செய்யுங்கள். ஆனால் அதில் 300 ரூபாயை மட்டும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ தொடர் வைப்பில் போட்டுவிடுங்கள். 36 மாதத்தில் 10,800 ரூபாய், வட்டி தனி. அஞ்சலகத்தில் தவணைக் காலம் ஐந்து ஆண்டு. வங்கியில் உங்களுக்கு ஏற்ற காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் நேர்காணலுக்குச் சென்னை போகவும், தேர்வுக் கட்டணம் கட்டவும், ஒரு நல்ல சட்டை எடுக்கவும் வீட்டில் கை நீட்டாமல் இருக்கலாம். வேலை தேடுகிற முதல் ஆறு மாதம் எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கடன் வாங்கும் முன்

மேலே படிக்கக் கல்விக்கடன் தேவைப்பட்டால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார்கள். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று அர்த்தம் இல்லை. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10,000. மூன்றாண்டில் 30,000. வட்டி மானியம் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். உதவித்தொகை எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கடன் வாங்குங்கள்.

போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்கிற செயலிகள் இருக்கின்றன. உங்கள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கடன் செயலிகள் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. எந்தச் செயலியாவது காண்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படி ஏற்கெனவே வாங்கி, போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று யாராவது மிரட்டினால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள், என் கடைக்கு வாருங்கள். இரண்டாயிரம் ரூபாய்க் கடனுக்காக ஒரு பிள்ளையும் தனியாக அழக்கூடாது.

இப்போது நான் சொல்லப்போவதைப் பையன்கள் கவனமாகக் கேளுங்கள். ஒரு தம்பி, இரண்டாமாண்டு. நண்பனுக்கு நண்பன் ஒருவன் வந்து, "உன் அக்கவுன்ட் கொஞ்ச நாள் வேணும், ஐயாயிரம் தர்றேன்" என்றிருக்கிறான். பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் கொடுத்துவிட்டான். யாரிடமோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. கணக்கை முடக்கிவிட்டார்கள். வேறு மாநிலக் காவல் துறையிடமிருந்து கடிதம் வந்தது. அவன் அம்மா அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, "என்னம்மா எழுதியிருக்கு? காலேஜ்ல இருந்தா?" என்று கேட்டார். அதைப் படித்துச் சொன்ன அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் குற்றத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவனே கேட்டாலும் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. இங்கேயும் நேரம்தான் முக்கியம்.

படிப்பு: கடைசி வாரத்தை நம்பாதீர்கள்

முதல் செமஸ்டரில் நான் அரியர் வைத்தவள். கணக்கு தெரியாமல் இல்லை. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே வந்ததும் வார்த்தை எதுவும் புரியவில்லை. சார் வகையிடல் என்றால் புரிந்திருக்கும், டிஃபரன்ஷியேஷன் என்றார். கேட்க வெட்கம். பிறகு பழைய புத்தகக் கடையில் ஆங்கில வழிப் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வாங்கி, என் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகச் சேர்த்துப் படித்தேன். பாடம் தெரிந்ததுதான், வார்த்தை மட்டும்தான் புதிது. இருபது நாளில் பயம் போனது. இப்போது தமிழ்நாடு பாடநூல்கள் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இந்த மாதமே அதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் ஆங்கிலச் சொல்.

படிக்கும்போது போனை வேறு அறையில் வையுங்கள். ஒரே அறைதான் வீடு என்றால் அம்மாவிடம் கொடுங்கள். 40 நிமிடம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராததுதான் உங்களுக்குத் தெரியாத இடம். அதை மட்டும் திரும்பப் பாருங்கள். மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. கடைசி இரவு ஆறு மணி நேரம் படிப்பதைவிட, அதே ஆறு மணி நேரத்தை ஒரு மாதத்துக்குப் பிரித்துப் படித்தால் அதிகம் நிற்கும். நூலகத்தில் ஐந்து வருஷக் கேள்வித்தாள் வாங்கி, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரு தாளையாவது முழுசாக எழுதிப் பாருங்கள். பதில் தெரிந்தும் நேரம் போதாமல் விட்டவர்கள் நிறைய.

காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள், தறி ஓட்டிவிட்டு வருகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம் நாளைக்கு நாலு மணி நேரம் படி என்று சொல்ல எனக்கு மனசு வராது. நீங்கள் வகுப்பில் உட்காருகிற நேரத்தை மட்டும் வீணாக்காதீர்கள். உங்களுக்கு வகுப்புதான் படிக்கிற நேரம். தூக்கம் வந்தால் முதல் பெஞ்சில் உட்காருங்கள்.

நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரியிலேயே திறன் பயிற்சி தருகிறார்கள். அதை மதிப்பெண்ணுக்காக மட்டும் கடத்தாதீர்கள். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழுக்கான தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். செமஸ்டருக்கு ஒன்று போதும். பத்தில் சேர்ந்து எதையும் முடிக்காமல் விடுவதில் பயனில்லை.

வேலை: இரண்டாமாண்டிலேயே தொடங்குங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். குரூப் 4 தேர்வுக்குத் தகுதி பத்தாம் வகுப்புதான். 18 வயது நிரம்பிய பிறகு, பெரும்பாலான பணிகளுக்குப் படிக்கும்போதே எழுதலாம். கட்டாயத் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்கவில்லை என்றால் மற்ற விடைகளை மதிப்பிடவே மாட்டார்கள். "தமிழ்தானே" என்று விட்டவர்கள் அதில்தான் விழுந்தார்கள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத இடம் உண்டு. அதற்கு நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தமிழ் வழிச் சான்று வேண்டும். பதிவேடு தேட வேண்டியிருக்கும், தலைமையாசிரியர் மாறியிருப்பார். அழைப்பு வந்த பிறகு தொடக்கப் பள்ளிக்கு ஓடாமல், இந்தக் கோடை விடுமுறையிலேயே போய் வாங்கிவிடுங்கள். பழைய வாத்தியாரையும் பார்த்த மாதிரி ஆச்சு.

வங்கி, ரயில்வே, ஒன்றிய அரசு வேலைக்குப் போகிற பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. ஒன்றிய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அது எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அறிவிக்கையில் எழுதியிருப்பார்கள். அறிவிக்கையை யூடியூபில் கேட்காதீர்கள், முழுசாகப் படியுங்கள். முதலில் தேதிகளை அடிக்கோடிடுங்கள்.

பட்டம் வாங்கியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். போட்டித் தேர்வுக்கு எத்தனை முறை முயற்சி செய்வது என்று முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு தேதி வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே தயாராகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அப்படி ஒரு தம்பி பயோடேட்டா அடிக்க வந்தான். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போடச் சொன்னான். "மூணு வருஷமா மார்க்கெட்ல என்னடா பண்ணுற?" என்றேன். "லோடு இறக்குவேன்க்கா, வரவு எழுதுவேன், எந்தக் கடைக்கு எத்தனை பெட்டின்னு பிரிப்பேன். அதெல்லாம் போய் எப்படிக்கா எழுதுறது?" என்றான். எழுதினோம். சரக்கு வரவுப் பதிவு, கணக்கு, பத்துப் பேரோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் என்று உண்மையை உள்ளபடி எழுதினோம். ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. நேர்காணலில் அவனிடம் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்களாம். மீதி நேரம் முழுக்க மார்க்கெட்டைப் பற்றித்தான். நீங்கள் செய்கிற எந்த வேலையும் வெட்கப்பட வேண்டியது கிடையாது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், பொய் மட்டும் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வேலைக்கு முன்பணம் கேட்கிறவர் வேலை தர மாட்டார். சீருடைக்கு 2,500, பயிற்சிக்கு 5,000, விமான நிலையத்தில் வேலை என்று குறுஞ்செய்தி வரும். சம்பளம் தருகிறவர் உங்களிடம் எதற்குப் பணம் கேட்க வேண்டும்? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி

மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, நான்கு தாளிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்று, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிப் பட்டியல் ஒன்று தொடங்குங்கள். உதவித்தொகைக் கடைசி நாள், புதுப்பிக்க வேண்டிய நாள், தேர்வுக் கட்டண நாள். ஒவ்வொரு தேதிக்கும் இருபது நாள் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். ரீல்ஸ் பார்க்கிற அதே போன்தான், இதற்கும் உதவும்.

என் அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. சாரம் ஏறுவதில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார். யாராவது பிள்ளை வந்து பெயர்த் திருத்தம் கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன் அவரே, "இருக்கிற வேலையெல்லாம் விட்டுட்டு முதல்ல இதை முடிம்மா" என்பார். அவ்வளவுதான் சொல்வார். அது எனக்குச் சொல்வது இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்களில் யாரும் கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு என் கடைக்கு ஓடிவரக்கூடாது. இருபது நாள் முன்னால் வாருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.